சப்பாணி ஓடிய படம்

1912, தைப்பூசத்துக்கு மறுநாள், விளக்கு வைக்கும் நேரம். பாளையங்கோட்டை மைதானத்துக் கூடாரத்தில் செல்லக்கிளி திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பெண்களுக்கு அங்கேதான் இடம். முன்பக்கம் ஆண்கள். நடுவில் ஒரு வெள்ளைத் துணி. துணி ஈரமாக இருந்தால் படம் மறுபக்கமும் தெரியும் என்பதால் ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தார்கள். முன்வரிசைப் பெண்களின் மடி நனைந்தது.

அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. சப்பாணி தங்களோடு இருக்குமா, ஜமீனுக்குப் போகுமா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள்.

சப்பாணி அவர்கள் வீட்டு ஜட்கா வண்டிக் குதிரை. செம்மண் நிறம். இடது முன்னங்கால் மட்டும் முழங்கால்வரை வெள்ளை. இடதுகால் வெள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று சந்தையில் அதை யாரும் தொடவில்லை. நடையிலும் ஓர் இழுப்பு. அவள் புருஷன் பிச்சைக்கண்ணு அதைக் கிட்டத்தட்டச் சும்மாதான் ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டியில் பூட்டிய பிறகு அது ஊருக்கே செல்லமாகிவிட்டது. கோர்ட்டுக்குப் போகிறவர்கள்கூடச் சப்பாணி வண்டி வரட்டும் என்று நின்றார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து ஜெபகனி டீச்சர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது அதற்கென்று ஒரு கருப்பட்டித் துண்டை முந்தானையில் முடிந்து வருவார்.

வெள்ளைக்கார ராஜா பட்டம் கட்டிக்கொண்ட டர்பார் கொண்டாட்டத்துக்கு மைதானத்தில் குதிரைப் பந்தயம் வைத்தார்கள். ஜமீன் லாயத்து மேனேஜர் திருஞானசம்பந்தம் வண்டிப்பேட்டைக்கு வந்து வம்பிழுத்தார்.

"என்னவே பிச்சைக்கண்ணு, உம்ம குதிரையும் ஓடுதாமே. சவாரி ஏறினாத்தான ஓடும்?"

"ஓடும் அண்ணாச்சி. உங்க குதிரைக்கு வழி தெரியலன்னா முன்னால போய்க் காட்டும்."

சிரிப்பில் தொடங்கி வார்த்தை முற்றியது. சப்பாணி தோற்றால் குதிரை ஜமீனுக்கு. ஜெயித்தால் ஜமீன் குதிரையின் சேணம் பிச்சைக்கண்ணுவுக்கு. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னவனுக்கு அன்று செல்லக்கிளி சோறு போடவில்லை.

சப்பாணி ஜெயித்தது. மேனேஜர் ஒப்பவில்லை. ஆலமரத் திருப்பத்தில் பிச்சைக்கண்ணு குறுக்கே வந்து இடித்தான், பந்தயம் செல்லாது, குதிரையைக் கொடு என்றார். இடித்தது ஜமீன் குதிரைதான் என்று பிச்சைக்கண்ணு மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். அந்த இடத்தில் ஒரே புழுதி. பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பட்டணத்து பயாஸ்கோப்காரர் மட்டும் அங்கே முக்காலியில் படம் பிடிக்கும் பெட்டியை வைத்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பந்தயத்துக்கு நடுவராக இருந்த பழைய தாசில்தார் நேசையா, படம் கழுவி வரட்டும், பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

படம் வந்துவிட்டது.

முதலில் துணி முழுக்கச் சப்பாணியின் முகம். கொள்ளுப் பைக்குள் மூக்கை விட்டு மென்றது. பெண்கள் சிரித்தார்கள். பிறகு பந்தயம். செல்லக்கிளி பந்தயத்தன்று மைதானத்துக்கு வரவில்லை. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. புழுதிக்குள்ளிருந்து இரண்டு குதிரைகள் வந்தன. இரண்டும் ஒரே நிறம். ஏறியிருந்த இருவருக்கும் வெள்ளைத் தலைப்பாகை, முகம் தெரியவில்லை. ஜமீன் குதிரைக்கும் ஒற்றைக்கால் வெள்ளை. ஆனால் அதற்கு வலதுகால். அது ராசி என்பார்கள். தினமும் சப்பாணியைத் தேய்த்துக் கழுவுகிறவள் செல்லக்கிளி. காலைப் பார்த்தாள்.

இடதுகால் வெள்ளைக் குதிரை சட்டென்று உள்ளே திரும்பியது. தோளால் மற்றதை இடித்தது. மற்றது தடுமாறி முழங்கால் மடங்கப் பார்த்தது.

முன்பக்கத்தில் ஆண்கள் கூச்சல் போட்டார்கள். செல்லக்கிளி மிச்சத்தைப் பார்க்க இருக்கவில்லை. பெண்களின் கால்களுக்கு இடையே வழி பண்ணிக்கொண்டு வெளியே வந்து ஓடினாள்.

கொட்டிலில் சப்பாணி நின்றுகொண்டே கண்ணயர்ந்திருந்தது. அடுப்புக்கரியை அரைத்து நல்லெண்ணெயில் குழைத்து வெள்ளைக்கால் முழுக்கப் பூசினாள். ஆற்றுக்கு அக்கரையில் தச்சநல்லூரில் அவள் தம்பி வன்னியராஜ் இருந்தான். அவன் வீட்டுப் பின்கட்டில் கட்டிவிட்டால் பிறகு யோசித்துக்கொள்ளலாம். கயிற்றைப் பிடித்து நடத்தினாள். நிலா ஏறிக்கொண்டிருந்தது.

சப்பாணி வந்தது. ஆனால் வண்டிக் குதிரையாக வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அங்கே ஆள் ஏறுகிற வழக்கம். கொஞ்ச நேரம் பொறுத்துத் தானாகப் புறப்பட்டது. சத்திரத்தடியில் மறுபடி நின்றது. இழுத்தாள், அதட்டினாள், கெஞ்சினாள். ஆள் ஏற வேண்டிய நேரம் முடிகிறவரை அது அசையவில்லை. ஆற்றுப்பாலத்தின் தலைமாட்டில், வண்டிகள் வரிசை கட்டும் இடத்தில், வால்கூட ஆட்டாமல் நின்றுவிட்டது. அங்கேதான் எப்போதும் அதிக நேரம் காத்திருப்பு.

பின்னால் ஜட்கா வரும் சத்தம் கேட்டது. வண்டிப்பேட்டைச் சிநேகிதர் முகம்மது மைதீனின் வண்டி. பிச்சைக்கண்ணு நிற்குமுன்னே குதித்தான். செல்லக்கிளி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"குடுக்க மாட்டேன். என்னையும் சேத்துக் கொண்டுபோகச் சொல்லுங்க."

"யாருட்டி கேட்டா? நம்ம குதிரைதான். தாசில்தார் சொல்லியாச்சு. நாளைக்குச் சேணம் வருது."

அவளுக்கு விளங்கவில்லை. தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். இடதுகால் வெள்ளை. அதுதான் இடித்தது.

பிச்சைக்கண்ணு சப்பாணியின் கரிக்காலைப் பார்த்தான். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னான். ஜனங்கள் விடாமல் கத்தி அந்தப் படத்தையே மறுபடி ஓட்ட வைத்தார்கள். அவளிடம் சேதி சொல்ல அவன் துணிக்குப் பின்பக்கம் போனான். அவளைக் காணவில்லை; அங்கே நின்று பார்த்தால் படத்தில் எல்லாம் இடம் வலம் மாறிக் கிடந்தது. கொட்டிலும் காலியாக இருக்கவே தம்பி வீட்டு வழியில் தேடி வந்தான்.

"முன்னால பார்க்கையில நான் வலப்பக்கம் ஓடுதேன். அங்கன வந்து பார்த்தா, இடப்பக்கம் ஓடுதேன். கண்ணாடியில பார்த்தாப்ல. சப்பாணிக்கு வலதுகால்லா வெள்ளையா இருக்கு. நீ பார்த்தது ஜமீன் குதிரைட்டி. அதான் நம்மள இடிச்சுது. கடைசிவரை இருந்திருந்தா அது தோத்ததையும் பார்த்திருப்பே."

வண்டியிலிருந்து முகம்மது மைதீன், மேனேஜர் முகத்தை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது என்றார்.

செல்லக்கிளியின் கை கயிற்றை விட்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். கீழே ஆறு கல்லில் மோதி ஓடும் சத்தம் அப்போதுதான் கேட்டது. சப்பாணி நம்முடையது என்று ஒருதரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கையிலிருந்த கரி முகத்துக்கு வந்தது. முகம்மது மைதீன் சிரித்துவிட்டு, பைய வாங்க என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பிச்சைக்கண்ணு குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். வீட்டுப் பக்கம் திருப்பினான். அது நடக்கத் தொடங்கியதும் அவளும் எழுந்து பக்கத்தில் நடந்தாள். சத்திரத்தடி வந்தது. குதிரை வழக்கம்போல நின்றது. அவனும் நின்றான். கோபமில்லாத குரலில்தான் கேட்டான்.

"ஏட்டி, நான் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணினேம்லா. அந்த ஈரத்துணி சொன்னதைத்தான் நம்பினியா?"