முகவரி தெரியாத கூட்டம்

அந்தக் கூடத்தைக் கட்டியவர்கள் மதுவிலக்குச் சங்கத்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்கள். ஆயுள் முழுக்கக் குடிப்பதில்லை என்று ஊர் முன்னால் சத்தியம் செய்து, சட்டையில் ஒரு நாடாவைக் குத்திக்கொள்வார்கள். தவறியவனைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து, நாடாவைக் கத்தரித்து, வெளியே அனுப்புவார்கள். இப்படி அனுப்பி அனுப்பிக் கடைசியில் தலைவர், செயலாளர், பொருளாளர் மட்டும் மிஞ்சினார்கள். பொருளாளரையும் நீக்கிய பிறகு கூட்டம் நடத்த ஆள் போதவில்லை.

இப்போது அங்கே கூடுகிறவர்கள் குடியை விட்டவர்கள், அல்லது விட்டுக்கொண்டிருப்பவர்கள். பழைய கதையைக் கேட்டு மிரண்டு எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டார்கள். பெயர் கிடையாது. வீடு எங்கே என்று கேட்கக் கூடாது. போன் நம்பர் வாங்கக் கூடாது. யார் வந்தார் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். மானம் காக்க நல்ல ஏற்பாடுதான், வெல்டர் வராமல் போகும் வரை.

ஒரு கூட்டத்தையும் விடாத ஆள். தொடர்ந்து இரண்டு வாரம் அவர் நாற்காலி காலி.

"மறுபடி குடியில விழுந்துட்டார்," என்றார் டெய்லர்.

"போய்ப் பார்த்துடலாம்," என்றார் லேத்துக்காரர்.

"எங்க போய்? வீடு வீடா கதவைத் தட்டி, இங்க வெல்டர் இருக்காரானு கேட்கப் போறியா?"

வெல்டரைப் பற்றி அவர்களுக்கு நிறையத் தெரியும். எந்தக் கடையில், எந்த மூலை பெஞ்சில் குடிப்பார், பாட்டிலை எங்கே ஒளிப்பார், போதையில் யாரை அடித்தார், எல்லாம் அவரே வாய்விட்டுச் சொன்னவை. பிள்ளைகள் எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே தேடுவதற்கு ஒரே இடம்தான் இருந்தது.

கடை வாசலில் டெய்லர் நின்றுவிட்டார். "நான் உள்ள போனா அப்புறம் நீ ரெண்டு பேரைத் தேடணும்."

லேத்துக்காரருக்கும் தயக்கம் இருந்தது. பட்டறையில் மெஷினுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவரை மனைவி திரும்பச் சேர்த்துக்கொண்டபோது ஒன்றுதான் சொன்னாள். "கடைக்குள்ள கால் வச்சீங்கன்னு தெரிஞ்சா அப்படியே திரும்பிப் போயிடுங்க. குடிச்சீங்களா இல்லையானு கூடக் கேட்க மாட்டேன்."

உள்ளே போனார்.

"வாங்கண்ணே. செத்துட்டீங்கன்னு சொன்னாங்க," என்றபடி சப்ளையர் கேட்காமலே ஒரு கிளாஸை வைத்தான். வாடை மூக்கில் ஏறியதும் நாக்கில் எச்சில் ஊறியது. உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. லேத்துக்காரர் கைகளை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வெல்டர் வந்தாரா?"

"அவரும் செத்துட்டார்னுதான் நெனச்சோம். மார்க்கெட்டுக்குப் பின்னாடி, சைக்கிள் கடை மாடியில இருக்கார். எத்தனை தடவை தூக்கிட்டுப் போய்ப் போட்டிருக்கேன்."

கூடத்தில் யாருக்கும் தெரியாத வீடு சப்ளையருக்குத் தெரிந்திருந்தது. லேத்துக்காரர் திரும்பினார். பக்கத்து மேஜையில் அவருடைய மச்சினன்.

"மாமா, இது அக்காவுக்குத் தெரியுமா?"

"நீ குடிக்கிறது தெரியுமா?"

"தெரியும். நான் குடிச்சு யாரும் அழலையே." கிளாஸைக் கீழே வைக்காமலே மறுகையால் போனை எடுத்தான்.

வெளியே டெய்லர் பதறினார். "வீட்டுக்கு ஓடு. வெல்டரை நான் பார்த்துக்கறேன்."

"நீ மட்டும் போய், அவர் பாட்டிலோட இருந்தா?"

இருவருமாகவே போனார்கள்.

வெல்டர் கட்டிலில் கிடந்தார், குடிக்காமல். ஒரு கண்ணில் பொறி தெறித்திருந்தது. டாக்டர் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

"சொல்லி அனுப்பலாம்னா யாருக்குய்யா அனுப்புறது? உங்க பேரே தெரியாது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கடையில கேட்டோம்."

"அடப்பாவிகளா." வெல்டர் சிரித்தார். பிறகு கண்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகினார். "சிரிச்சா எரியுது. போங்கய்யா."

லேத்துக்காரர் வீட்டை அடைந்தபோது அவருடைய துணிப்பை வாசல்படியில் இருந்தது. கதவுச் சங்கிலிக்குப் பின்னால் மனைவியின் முகம் பாதி தெரிந்தது.

"கடைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"எதுக்கு?"

"ஒருத்தரைத் தேடி."

"யாரை?"

சைக்கிள் கடை மாடி வெல்டர் என்றாலே போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதைச் சொன்னால் கதவு திறக்கவும் கூடும்.

"அதைச் சொல்லக் கூடாது."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் படியிலேயே நின்றார்.

"குடிச்சிருந்தா இந்நேரம் யாரையாவது சாகடிச்சு, எழவு வீட்டுக்குப் போனேன்னு சொல்லியிருப்பீங்க," என்றாள். "எங்க பெரியப்பாவையே ரெண்டு தடவை சாகடிச்சிருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் நம்பலை," என்று சொல்லிச் சங்கிலியை எடுத்தாள். "பையை நீங்களே தூக்கிட்டு வாங்க."