காவல்காரனின் புது வாசகம்

இறுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மகளிடமிருந்து போன் வந்தது. பொம்மைக் கடையின் மாடிப்படியில் நின்றபடியே எடுத்தாள்.

"அம்மா, உனக்கும் அவருக்கும்தான் ஃபைனலாமே? போன தடவை மாதிரி விட்டுக்குடுத்துடேன்."

"இந்தத் தடவை முடியாதுடி."

"ஆபீஸ்ல வேற அவருக்கு மனசு சரியில்ல. தோத்துட்டு வந்தா வீட்ல யாரோடயும் முகம் குடுத்துப் பேச மாட்டாரு. நீ ஜெயிச்சு என்னம்மா பண்ணப்போறே?"

"பெரிய போட்டிக்குப் போகப்போறேன். வேறென்ன பண்ணுவாங்க?" என்று சொல்லி போனைப் பைக்குள் போட்டாள்.

மாமியாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து கார்டு ஆடினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்து ஓய்ந்தும் விட்டது. ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் மாப்பிள்ளைதான். கல்யாணமான புதிதில், பேச விஷயம் கிடைக்காமல் இருவரும் கூடத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த ஒரு மழை நாளில், அவர் பையிலிருந்து கார்டுகளை எடுத்துப் பரப்பினார். வீரர்கள், மந்திரவாதிகள், என்னென்னவோ மிருகங்கள். அவற்றை ஏவி எதிராளியின் உயிர்ப்புள்ளிகளைத் தீர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவளை அது அப்படியே பிடித்துக்கொண்டது. இப்போது கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவள் 'அத்தை'.

ஆண்டுக்கு ஒருமுறை புது வரிசைக் கார்டுகள் வரும். இருப்பதிலேயே பழைய வரிசை போட்டியை விட்டு வெளியேறும். சுழற்சி என்பார்கள். நேற்றுவரை ராஜாவாகத் திரிந்த கார்டு மறுநாள் வெறும் அட்டை. மாப்பிள்ளை ஒவ்வொரு சுழற்சிக்கும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். அவளுக்கோ கொண்டாட்டம். பழம் தின்று கொட்டை போட்டவனும் நேற்று வந்தவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்கவேண்டிய நாள் அல்லவா அது!

வழக்கம்போல இந்த முறையும் மாப்பிள்ளை செல்லாமல் போனவற்றைக் கழித்து அவளிடம் தந்துவிட்டார். காவல்காரன் என்ற வீரனின் கார்டும் அவற்றில் இருந்தது. பிறகு வந்த புது வரிசையில் அவனையே மறுபடி அச்சிட்டிருந்தார்கள். அதே பெயரில் மறுபதிப்பு வந்தால் பழைய கார்டும் செல்லும். ஆனால் ஆட்டம் புதுக் கார்டில் அச்சிட்டிருக்கும் வாசகத்தின்படிதான். மறுபதிப்பு வந்தது மாப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் காவல்காரனை இன்னொரு முறை படிக்க அவருக்குத் தோன்றவில்லை. கூடவே இருந்தவன் முகத்தை யார் உற்றுப் பார்ப்பார்கள்? அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். எத்தனை வருடப் பழக்கமுள்ளவர் வந்தாலும், போன வருடத்துப் பவரை நம்பி லென்ஸ் வெட்டமாட்டாள். அந்தப் புத்திதான் இங்கேயும். புது வரிசை முழுவதையும், பொடி எழுத்து உட்பட, வரி விடாமல் படித்திருந்தாள்.

போன வருட இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கிற கார்டு அவள் கையிலேயே இருந்தது. இறக்காமல் மற்றதோடு சேர்த்து மடக்கி, சிரித்தபடி கைகுலுக்கினாள். மாப்பிள்ளை பெரிய போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறித் திரும்பி வந்தார். அன்றைக்கு வயிறு எரிந்ததை அவளால் மறக்க முடியவில்லை. இந்தக் கடையிலிருந்து ஒருவருக்குத்தான் அங்கே இடம். அந்த இடம் அவளுக்கு வேண்டும்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் அவளிடம் மிச்சம் இரண்டே புள்ளி. மாப்பிள்ளையின் பக்கம் மூன்று வீரர்கள். அவள் ஒரு காவல்காரனை இறக்கினாள்.

மாப்பிள்ளை பார்த்துப் புன்னகைத்தார். "நம்ம பழைய ஆளா!"

"புது வாசகம் என்னன்னு ஜட்ஜ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க மாப்பிள்ளை."

"எனக்கேவா அத்தை? எவ்ளோ நாள் வெச்சு ஆடியிருக்கேன். ஒருத்தனைத் தடுப்பான். மிச்சம் ரெண்டு பேர் உள்ள வந்தா கதை முடிஞ்சுது."

சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனி அவர் பாடு. மூன்று கார்டுகளையும் அவர் ஒரேயடியாக முன்னால் தள்ளினார்.

"மூணு பேரையும் தடுக்கறேன்," என்றாள்.

நடுவர் வந்து புது வாசகத்தைப் போனில் எடுத்துப் படித்தார். காவல்காரன் ஒரு முறை, வருகிற அத்தனை பேரையும் தடுக்கலாம். மாப்பிள்ளை போனை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். தாக்கப் போய்க் களைத்த வீரர்கள் மூவரும் சாய்ந்து கிடந்தார்கள். அவர் பக்கம் தடுக்க ஆளே இல்லை. தன் முறை வந்ததும் அவள் கையில் இருந்த எல்லாவற்றையும் ஏவி, அவருடைய புள்ளிகளைத் தீர்த்தாள். பதறவில்லை, மன்னிப்புக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது, அது முகத்தில் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டிக் கலைந்தார்கள். மாப்பிள்ளை கார்டுகளை அடுக்கி உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத்தை, போன வருஷம் கடைசில உங்க கையில என்ன இருந்துச்சு?"

ஒரு பொய் போதும்; மகள் வீட்டில் அமைதி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"ஜெயிக்கற கார்டு இருந்துச்சு மாப்பிள்ளை."

அவர் முகம் சிவந்தது. கீழே கடைக்காரர் யாருக்கோ பில் போடும் சத்தம் கேட்டது. பைக்குள்ளிருந்த போன் அதிர்ந்து அடங்கி, மறுபடி அதிர்ந்தது. மகளாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உறையிலிருந்து கார்டுக் கட்டை எடுத்தார். வெகுநேரம், வேண்டியதைவிட நன்றாகவே கலைத்து, மேசை நடுவில் வைத்தார்.

"வெட்டுங்க."

அவள் நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, கட்டின்மேல் கையை வைத்தாள்.