ஏழாம் இலக்கக் குழாய்

மெற்றில்டா வாயைத் திறந்தால் கொட்டாஞ்சேனைக் கோயில் மணிகூடத் தன் முறை வரும்வரை காத்திருக்கும். அப்படிப்பட்டவள் அன்று ஆய்வுகூடத்தில் தானாக வாய் திறக்கவில்லை. மரபணு வாசிக்கும் இயந்திரத்துக்கான ‘கிற்’ என்கிற மருந்துத் தொகுதியின் மூன்றாம் பதிப்பு வந்து இறங்கியிருந்தது. இயந்திரம் குளிர்சாதனப் பெட்டி உயரம்தான். அதன் விலைக்குக் கொள்ளுப்பிட்டியில் பாதித் தெருவை வாங்கி, கடலையும் கொசுறாகக் கேட்கலாம். பழைய கிற்றைப் போட்டால் நல்ல மாதிரிகளை ஒழுங்காக வாசிக்கும். மெலிந்த மாதிரி வந்தால், நாலு மணிக்கே குடையைத் தேடுகிற எழுதுவினைஞர் போல, எழுத்துக்குப் பதில் N, N, N என்று அடித்துத் தள்ளும். N என்றால் தெரியாது.

புதியதை வழக்கு வேலைக்கு எடுக்குமுன், ஒரே மாதிரிகளை இரண்டு பதிப்பிலும் ஓட்டி ஒப்பிட வேண்டும். பன்னிரண்டில் பதினொரு குழாய்களை மெற்றில்டா அடுக்கியிருந்தாள்.

“ஏழாம் நம்பர் எங்க? வாயும் லீவு, அதுவும் லீவா?” என்றார் பொறுப்பாளர் புவாத். வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே அன்றைய பகிடிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிற மனிதர்.

“அதில ஒண்டும் வராது சேர். முந்தியும் முழுக்க N தானே.”

“அதுக்குத்தானே வேணும். ஒண்டும் வராததிலதான் புதுசுட கெட்டித்தனம் தெரியும்.”

அவள் ஏழாம் குழாயையும் வைத்தாள். முகமூடிக்குள் உதடுகளை இறுக்கிக்கொண்டு, பன்னிரண்டிலும் மருந்து விட்டாள்.

ஏழு என்பது ஒரு பல். ஹெந்தளைப் பக்கச் சதுப்பில் கிடைத்த உடலிலிருந்து நீதிமன்றம் அனுப்பியது. மெற்றில்டாவின் தம்பி றேமண்டை யாரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்தொன்பது மாதங்கள். துறைமுகத்தில் வேலை செய்தவன். பாரந்தூக்கி பழுதான நாளில் கப்பலைத் தான் ஒற்றைக் கையால் இழுத்துக் கட்டியதாகச் சத்தியம் பண்ணுவான். அம்மா பாதியை நம்புவாள், மீதியை அயலுக்குச் சொல்லுவாள். நேசம் என்ற அந்த அம்மா இப்போது ஒவ்வொரு மாலையும் கேட்பது ஒன்றுதான்.

“மெசினிட்டத் தம்பியைப் பற்றிக் கேட்டியோடி?”

“கேட்டனான் அம்மா. தெரியாதாம்.”

“தெரியாதெண்டால் நல்லதுதானே,” என்று சொல்லிவிட்டு அம்மா தேத்தண்ணி ஊற்றப் போவாள். மெற்றில்டாவுக்கு உலகத்திலேயே பிடித்த எழுத்து N ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் மதியம் இரண்டு பதிப்புகளின் வெளியீடும் திரையில் மேலும் கீழுமாக வந்தன. ஏழாம் இலக்கத்தின் மேல் வரியில் பழைய N கூட்டம். கீழ் வரியில் பச்சை, நீலம், கறுப்பு, சிவப்பு என்று கூரிய முகடுகள். ஒரு N கூட இல்லை.

வேலை செய்பவர்களின் எச்சில் துளி விழுந்து குழாய் கெட்டால் கண்டுபிடிக்க, எல்லோருடைய எழுத்து வரிசையும் சுவரில் ஒட்டியிருந்தது. புவாத் திரையையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

“அல்லாஹ்வே! இது அச்சுப்பிசகாம ஒங்கடதானே மெற்றில்டா! ஒங்கட எச்சில் பல்லுக்குள்ளயும் பூந்தீக்கி!”

இயந்திரம் வாசித்த இந்தப் பகுதி தாய்வழியாக மட்டும், பிள்ளைகள் எல்லோருக்கும் மாறாமல் வருவது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்றேதான். அதை அந்த அறையில் தெரியாதவர் யாருமில்லை.

“ஓம் சேர்,” என்றாள் அவசரமாக. “என்ர எச்சில்தான். நேற்று நான் ஓயாமல் கதைச்சுக்கொண்டெல்லோ மருந்து விட்டனான். துப்பல் பறந்திருக்கும். கட்டாயம் பறந்திருக்கும்.”

புவாத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் லீவா என்று நேற்றுக் கேட்டவர் அவர்தான். ஏழாம் இலக்கத்தோடு வந்த நீதிமன்றக் கடிதத்தை எடுத்து, ஹெந்தளை என்ற சொல்லில் விரலை வைத்தார்.

“ஓம், பறந்தீக்கும்,” என்றார் கடைசியில். “மிச்சப் பல்லுத்தூள் கொஞ்சம் ஈக்கி. நானே புதுசா ஓட்டுறேன். முடியிற வரைக்கும் நீங்க உள்ளுக்கு வராதீங்க மகள்.”

இரண்டு நாள் கழித்து, கண்ணாடிச் சுவருக்கு வெளியே மெற்றில்டா, ஒரு துளி எச்சிலும் அதைத் தாண்டிவிடக் கூடாது என்பதுபோல, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முகமூடி போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே புவாத்தின் முதுகுக்கு அப்பால் திரை வெளிச்சமானது. முதல் பச்சை முகடு எழும்பத் தொடங்கியது. அவள் மூன்று முகமூடிகளின் மேலும் இரண்டு கைகளையும் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.