மெட்ராஸ் நாயின் பல்

இரண்டாயிரமாம் ஆண்டுக் கலகத்துக்குப் பிறகு, ஃபிஜியின் லம்பாசா ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சிறிய மருத்துவ நிலையத்தில் மிஞ்சியது நர்ஸ் ருக்மணி ஒருத்திதான். டாக்டர் ஆக்லாந்துக்குப் போய்விட்டார். போனால் போகட்டும், ருக்மணி அசருகிற ஆளில்லை.

கரும்புத் தோட்டத்தை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சிட்னிக்குக் கிளம்பும் அப்பல்சாமி, மனைவி பிரமிளாவோடு விடைபெற வந்திருந்தார். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மெட்ராஸ் போய் வந்த கதையைச் சொல்லும்போது, தெருநாய் காலைக் கவ்வியதையும் சிரித்துக்கொண்டே அளந்துவிட்டார்.

ருக்மணி சிரிக்கவில்லை. "எப்போ கடிச்சிச்சு?"

"ஒம்பது நாள் ஆச்சு. அரே, லம்பாசா நாய் கடிக்காத காலா இது? மஞ்சள் வெச்சேன், ஆறிப்போச்சு, அவ்ளோதான்!"

"நம்ம ஃபிஜி நாய்க்கு வெறி நோய் கிடையாது. அந்த ஊர் நாய்க்கு உண்டு அண்ணா. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணில கால்மணி நேரம் கழுவி, அன்னைக்கே ஊசி போட்டிருக்கணும். இப்பவும் நேரம் இருக்கு."

அப்பல்சாமியின் முகம் சுருங்கியது. குரலைத் தாழ்த்தினார். "நோய்னு பேப்பர்ல ஏறினா ஆஸ்திரேலியாக்காரன் விசாவைக் கிழிச்சுப் போட்டுடுவான்மா. அதான் யார்கிட்டயும் வாய் திறக்கல."

ருக்மணிக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. விசா பயத்தில் உயிரையே பணயம் வைக்கிறாரே மனுஷன்!

"ஊசி போட்டவனை எவனும் திருப்பி அனுப்ப மாட்டான். நோய் வந்துட்டா எந்த நாட்டு டாக்டராலயும் காப்பாத்த முடியாது. நாளைக் காலை விமானத்துல தலைநகர் சுவாவுக்குப் போங்க, முதல் ஊசியை அங்க போட்டுக்கங்க. மீதியை சிட்னில போடலாம், தேதியெல்லாம் நான் எழுதித் தரேன்."

அப்பல்சாமி மெல்லத் தலையாட்டினார். ருக்மணி சுவா ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ஃபோன் போட்டு, ஒருவருக்கு மருந்து எடுத்துவைக்கச் சொன்னாள்.

அதுவரை வாயே திறக்காத பிரமிளா எழுந்து வந்து, வளையல்களை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் மெல்லிய கோடாக ஒரு தழும்பு.

"நாய் இவரை விடலைன்னு புடவைப் பையால அடிச்சேன். என் கையிலயும் பல்லு பட்டுச்சு," என்றாள். "என்னால இவரு விசாவும் போயிடுமோன்னு, இவருக்கே சொல்லல."

அப்பல்சாமி அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஃபோன் இன்னும் ருக்மணியின் காதில்தான் இருந்தது.

"சிஸ்டர், ஒருத்தருக்கு இல்ல," என்றாள். "ரெண்டு பேருக்கு."