பாதிக் காற்று

1
இந்தக் கதை என் பயத்தில் பிறந்தது. ஒரே வாரத்தில் மூன்று சைக்கிள் விபத்துச் செய்திகள் கேட்டு, கடைக்கு நடந்துபோக ஆரம்பித்தேன். சாலைதான் கெட்டுவிட்டதா, எனக்குத்தான் காதில் அதிகம் விழுகிறதா?

முதலில், ‘சாலையெங்கும் ரத்தம்’ என்று தொடங்கி— (அடித்துவிட்டேன். பார்க்காததை எழுதுவது பாவம்.)

2
என் கதாநாயகர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவர். ஈரத்துணியைச் சுற்றும்போதே “எப்படி விழுந்தீங்க?” என்பார். “சைக்கிள்” என்று பதில் வந்தால் “எந்த ரோட்ல?” என்றும் கேட்பார். அவருடைய மகளும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள்.

“முன்னெல்லாம் வாரத்துக்கு ரெண்டு சைக்கிள். இப்ப ஆறு, சிஸ்டர்.”

“பக்கத்து ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் போனதுலேர்ந்து அந்தக் கூட்டமும் இங்கதானே வருது அண்ணே! விழாம போறவங்க உள்ள வந்து ‘நான் விழலைங்க’ன்னு சொல்லிட்டா போவாங்க?” நர்ஸ் சிரித்தார்.

அவரும் சிரித்தார். பயம் மட்டும் போகவில்லை.

3
(இங்கே எனக்கே அவர்மேல் சந்தேகம். இவ்வளவு நல்ல மனிதர் இதைச் செய்வாரா? செய்தார்.)

மூன்று நாள், காலையில் மகளின் பின்சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டார். அவளும் பஸ்ஸில் போய், சாயங்காலம் காற்றடித்து வைத்தாள்.

“என்னப்பா, டயர் தினம் இளைச்சுப் போகுது? உங்க கட்டு ஒண்ணு போட்டுவிடுங்களேன்!”

“பழைய டியூப்மா. பஸ்லயே போயேன்.”

இன்று பாதி பிடுங்குவதற்குள் அவள் கதவைத் திறக்கும் சத்தம். மறைந்துகொண்டார். அவள் அவசரத்தில் டயரைப் பார்க்காமலே ஏறிப் போய்விட்டாள், மழை ஈரத்தில், தளர்ந்த சக்கரத்தோடு. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

4
பத்து மணி. மூன்று முறை அழைத்தும் அவள் போனை எடுக்கவில்லை. கட்டுப் போடும் அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் உருளுகிறது.

“சைக்கிள் கேஸ் அண்ணே. பொண்ணு.”

முடிவு ஒன்று: போர்வையை விலக்கினால், மகள்— (முடிக்கக் கை வரவில்லை. எழுதினால் பலித்துவிடுமோ?)

முடிவு இரண்டு: வழியில் முகம் தெரியாத ஒருவர், “காத்து இல்லம்மா, இறங்கிடு” என்று நிறுத்தினார்; மகள் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். இங்கே வந்திருப்பது யாரோ. (இதைத்தான் கடவுளிடம் கேட்கிறேன். ஆனால், யாரோவா? அவளுக்கும் ஓர் அப்பா இருப்பாரே.)

வாரத்துக்கு ரெண்டா, ஆறா என்று அவர் இப்போது எண்ணவில்லை. “கூப்பிட்டிருக்கணும், கூப்பிட்டிருக்கணும்” என்றுதான் உதடு அசைகிறது.

கதவு திறக்கிறது. அடுத்த வரி உங்களுடையது. நல்ல வாயால் சொல்லுங்கள். படுத்திருக்கிற பெண்ணுக்கும் சேர்த்து.