சந்தனப் பொட்டின் உயரம்

1

இந்தக் கதை ஒரு துடைக்கிற துணியிலிருந்து வந்தது. செங்கல்பட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் துடைக்கப் போனார், இன்னொருவர் கத்தினார். கத்தியவர் யார் என்று கேட்காதீர்கள். ஆல்வின் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: கான்ஃபோகல் லேசர் நுண்ணோக்கிக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் கரடுமுரடுதான். மேற்பரப்பை அடுக்கடுக்காக வருடி, மேடுபள்ளங்களை மைக்ரான் கணக்கில் அது

(கொட்டாவி வருகிறது. எனக்கே.)

தொடக்கம் இரண்டு: நுண்ணோக்கியின் பக்கவாட்டில் ஒரு சந்தனப் பொட்டு. போன ஆயுத பூஜைக்கு ஆல்வினின் மனைவி தமிழ்ச்செல்வி வைத்தது. அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள். தை மாதம் இறந்துபோனாள்.

(முதல் வரைவில் அவளை வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க அனுப்பியிருந்தேன். எட்டு மாதம் யாரும் பறவை பார்ப்பதில்லை. அடித்துவிட்டேன்.)

2

நாளை மறுபடியும் ஆயுத பூஜை. துணியோடு வந்தவன் சக ஊழியன் வெங்கடேசன்.

"கை வெக்காத! அளந்துட்டு நானே தொடைக்கிறேன்."

"சர்ச்சுக்குப் போற வேதக்காரன் நீ. சந்தனத்துக்கு இன்னா மச்சான் இந்தக் கத்து கத்திக்கினு கீற?"

"அவ வெரல் ரேகை அதுல கீது."

"சரி, எப்படி அளப்ப? மெஷினத் தூக்கி மெஷினுக்கு அடியில வெப்பியா?"

நியாயமான கேள்வி. ஆனால் அச்செடுக்கும் சிலிக்கோன் பசை இருந்தது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் ஆளுயர நந்தியின் மெருகை அளக்க வாங்கியது. தடவி, இறுகியதும் உரித்து, அச்சை நுண்ணோக்கியில் வைக்கலாம்.

தடவினான். பத்து நிமிடம் காத்திருந்தான். (இங்கே அவன் அழுவதாக ஒரு பத்தி இருந்தது. அழவில்லை. வாட்ச் பார்த்தான்.)

உரித்தான். பொட்டும் சேர்ந்து வந்துவிட்டது. நந்தியில் இப்படி ஆகவில்லை. நந்தி கல்.

3

அப்படியே அளந்தார்கள். திரையில் மலைத்தொடர் எழுந்தது. ரேகை இல்லை. தெரிந்தது சந்தனத்தின் அடிப்பக்கம், அதில் பதிந்திருந்தது இயந்திரத்தின் பெயின்ட் மேடுபள்ளம்.

"மெஷினு தன் முதுவத் தானே பாத்துக்கிச்சு மச்சான்!"

ஆல்வின் சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் முறை. (பொய். இரண்டாவது.)

ரேகை சந்தனத்துக்கும் சிலிக்கோனுக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

"தண்ணில காட்டு. சந்தனம் கரைஞ்சிடும், அச்சு நிக்கும். ரேகைய அளந்துக்கலாம்."

"சந்தனம் போயிடுமே. அவ தொட்டது அதான?"

"அப்போ கழுவாத."

"ரேகை தெரியாதே."

"பேஜாருடா உன்னோட."

முடிவு அ: கழுவுகிறான். திரையில் அவள் விரல். உயரம் இத்தனை மைக்ரான் என்று

முடிவு ஆ: கழுவவில்லை. ஒரு டப்பியில் போட்டு மூடி, தினமும் அதை

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஆல்வின் என்னைத் திட்டுகிறான். அதை அச்சில் ஏற்ற முடியாது.

குழாயைத் திறந்துவிட்டேன். அச்சு உங்கள் கையில். சீக்கிரம் முடிவெடுங்கள், தொட்டித் தண்ணீர் நாளைப் பூஜைக்கும் வேண்டும்.