சேற்றின் மேல் போட்ட சங்கிலி

எனக்கு வயல் சேறு என்றாலே குமட்டும். அதிராம்பட்டினத்தில் ஜவுளிக்கடைக்காரர் மகனாக வளர்ந்தவன் நான். அப்சர் என்றால் மடிப்புக் கலையாத சட்டைக்காரன் என்று தெருவே கிண்டல் செய்யும். அப்படிப்பட்டவன் இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தை மாதம் முழுக்கச் சேற்றில் உழன்றேன் என்றால், எல்லாம் ஒரு கடிதத்துக்காகத்தான்.

சவூதியில் தம்மாமில் டிரெய்லர் ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். என்னிடம் ஹெவி லைசென்ஸ் இருந்தது, ஓட்டிய அனுபவம் இல்லை. “அனுபவக் கடிதம் ஒண்ணு கொண்டாங்க பாய், மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றான் ஏஜென்ட், பல்லைக் குத்திக்கொண்டே. குத்திய குச்சியை என் பாஸ்போர்ட் மேலேயே வைத்தான். கருமம்.

அப்படித்தான் மன்னார்குடிப் பக்கம் துரைக்கண்ணுவிடம் போய்ச் சேர்ந்தேன். அவரிடம் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடுகிற அறுவடை மெஷின் இரண்டும், அவற்றை ஊர் ஊராக ஏற்றிப்போக ஒரு டிரெய்லரும் இருந்தன. பக்கப் பலகை எதுவும் கிடையாது, வெறும் இரும்புத் தட்டு. அறுப்புக்கு வந்துகொண்டிருந்தவர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டதால், மெஷினுக்காக ஜனம் தவம் கிடந்தது. “இந்த சீசன் ஓட்டு. ரெண்டு வருஷம் ஓட்டுனதா எழுதித் தர்றேன்” என்றார்.

ஓட்டுவதைவிடக் கட்டுவதுதான் என் உயிரை எடுத்தது. பெல்ட்டுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். நாலு மூலைக்கும் சங்கிலி போட்டு, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து, கம்பியால் முறுக்கி இறுக்க வேண்டும். தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். சளக்கென்றால் மறுபடி முதலிலிருந்து கட்டு. அதற்கெல்லாம் முன்னால், பெல்ட்டில் அப்பிய களிமண்ணைச் சுரண்டிக் கழுவ வேண்டும். இந்தக் கடைசி வேலையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அப்படியே கட்டிக்கொண்டு போய், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் நின்றபோது இறங்கிப் பார்த்தால், சங்கிலி தொட்டில் மாதிரித் தொங்குகிறது. வெயிலிலும் காற்றிலும் காய்ந்த சேறு வழியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்திருக்கிறது. நான் இறுக்கிக் கட்டியது மெஷினை இல்லை, சேற்றை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று திட்டிக்கொண்டே மறுபடி இறுக்கினேன்.

அந்த கேட் எப்போது போனாலும் மூடியிருக்கும். ஊரே அதைச் சபிக்கும். நான் மட்டும் அன்றிலிருந்து இறங்கி, நாலு சங்கிலியையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறுவேன்.

மாசி முதல் வாரம், ஈரம் காயாத வயலிலிருந்து மெஷினை ஏற்றினோம். மறுநாள் மழை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அடுத்து அறுக்க வேண்டிய அம்மாப்பேட்டைக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். நான் மண்வெட்டியை எடுத்துப் பெல்ட்டைச் சுரண்டினேன். அழுகிய நெல்தாளும் செத்த நத்தையும் சேர்ந்து குடலைப் புரட்டுகிற வாடை அடித்தது.

“ஏம்பா, பொண்ணுக்கு அலங்காரமா பண்றே? கெளப்பு வண்டிய” என்றார் துரைக்கண்ணு.

“நிறைய அப்பியிருக்கு முதலாளி. வழியில சங்கிலி தளந்துரும்.”

“எப்படியும் கேட்ல நிப்பேல்ல, அங்க பாத்துக்க.”

பழியை அவர் தலையில் போட்டுவிடலாம். ஆனால் எனக்கும் அந்தக் கண்றாவியில் கை வைக்கப் பிடிக்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சேற்றின் மேலேயே சங்கிலியை இறுக்கினேன்.

அன்றைக்கென்று பார்த்து கேட் திறந்திருந்தது. முன்னால் போன பஸ்ஸில் சந்தோஷத்தில் விசிலடித்தார்கள். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. நானும் குஷியாக மிதித்தேன். தாண்டிப் போய் ஓரங்கட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

கோயில்வெண்ணி தாண்டி ஒரு வளைவில் சளக்கென்று கேட்டது. கண்ணாடியைப் பார்ப்பதற்குள் மெஷின் தட்டில் வழுக்கி இடது பக்கம் சரிந்துவிட்டது. சாலையோரம் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தார். அம்சம் என்று பெயர், களையெடுக்கப் போகிறவர், நாற்பது வயதிருக்கும். அவருடைய வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

துரைக்கண்ணு என்னை ஆஸ்பத்திரி மரத்தடிக்குக் கூட்டிப்போய் இரண்டு காகிதங்களை நீட்டினார். ஒன்று போலீசுக்கு: மெஷின் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது, அந்தப் பெண் திடீரென்று குறுக்கே வந்ததால் பிரேக் அடித்தேன். இன்னொன்று என் கடிதம்.

“ரெண்டு வருஷந்தானே கேட்டே, அஞ்சா போட்டிருக்கேன். புது டிரைவர்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். சரக்குக் கட்டுறதுல கெட்டிக்காரன்னும் எழுதியிருக்கேன், படிச்சுப் பாரு.”

படித்தேன். போலீஸ் காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன். என் விரலிலிருந்த சேறு காகிதத்தில் ஒரு தடம் வைத்தது. எச்சில் தொட்டு அதைத் துடைத்தார் அந்த மனுஷன்.

ஊருக்குக் கிளம்புமுன் அம்சம் அக்காவைப் பார்க்கப் போனேன். எந்த மூஞ்சியோடு போனேனோ தெரியாது. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

“வா தம்பி. நாந்தான் குறுக்க வந்துட்டேனாமே? முதலாளி சொன்னாரு. ஓரமாப் போன மாதிரிதான் எனக்கு நெனப்பு. நீ பாத்திருப்பேல்ல, குறுக்கயா வந்தேன்?”

வாயைத் திறந்தேன். சட்டைப்பையில் கடிதம் இருந்தது.

“ஆமாக்கா” என்றேன்.

அக்கா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். “நீ வெளிநாடு போறவன்னும் முதலாளி சொன்னாரு. ஒன் பொழப்பக் கெடுக்கப் பாத்தேனே, பாவி. மனசுல வச்சுக்காதப்பா. போயி நல்லா இரு.”

இப்போது தம்மாமில் ஓட்டுகிறேன். இங்கே சேறு கிடையாது, எங்கு பார்த்தாலும் மணல். ஆனாலும் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருதரம் இறங்கிச் சங்கிலியைத் தட்டிப் பார்க்கிறேன். புதிதாக வருகிற டிரைவர்களிடம் சூப்பர்வைசர் என்னைக் காட்டி, சரக்கென்றால் இவனை மாதிரிக் கட்ட வேண்டும் என்கிறார். அந்த அக்கா சொன்னபடி நல்லாத்தான் இருக்கிறேன். தூ!